பாத்திரம் அறிந்து பரிசளிப்போம்



தவக்காலம் முடிந்து உயிர்ப்புப் பெருவிழாவும் கடந்துவிட்டால் நம் பங்குகளில் திருமண ஓலைகள் வாசிக்கப்படுவது மிகுதியாகிவிடும். அதனைத் தொடர்ந்து சிறுவர்களின் புதுநன்மை வரும். புதுவீடு மந்திரிப்பு வரும். ஒவ்வோர் அழைப்பிதழும் வீட்டிற்குள் நுழையும்போதே, "என்ன பரிசு கொடுப்பது?" என்ற கேள்வியும் கூடவே நுழைகிறது. சிலர் உறையில் பணம் வைத்து முடித்துக்கொள்வர். பொருளாகவே கொடுக்க விரும்புவோரில் பெரும்பாலோர், புறப்படுகிற நாளன்று வழியில் உள்ள பாத்திரக் கடையில் இறங்கி, கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரிவதை வாங்கி, வண்ணத்தாள் சுற்றிக் கொடுத்துவிடுவர்.

இதன் விளைவை நாம் எல்லா வீடுகளிலும் காணலாம். அடுக்களைப் பரணில் எட்டுத் தண்ணீர்க் குடங்கள், பிரிக்கப்படாத மூன்று கண்ணாடிக் குவளைப் பெட்டிகள், ஒரே மாதிரியான இரண்டு சூடுகாக்கும் பாத்திரங்கள் உறங்கிக் கொண்டிருக்கும். கீழேயோ அந்த வீட்டு இல்லத்தரசி, பிடி ஆடும் வாணலியைக் கந்தைத் துணியால் பிடித்து இறக்கிக் கொண்டிருப்பாள். கொடுத்தவர்களுக்கு அன்பு இல்லாமல் இல்லை. அந்த அன்பு அடுக்களைக்குள் சென்று பார்க்கவில்லை என்பதே குறை.

"பாத்திரம் அறிந்து பிச்சையிடு" என்பது பழமொழி. அங்கே பாத்திரம் என்றது பெறுகிறவரின் தகுதியை. சமையலில் ஆர்வமுள்ள ஒருவருக்குப் பரிசு தேடும் நாமோ, பாத்திரத்தையும் அறியவேண்டும். அதனைப் பிடிக்கப் போகும் கையையும் அறியவேண்டும்.

விரும்பும் வேலையும் வருத்தும் வேலையும்

சமையலில் மனம் ஈடுபட்ட ஒரு பெண்ணைச் சற்று நேரம் கூர்ந்து கவனியுங்கள். அவள் செய்யும் வேலைகள் இரு வகைப்படும். தீயலுக்குத் தேங்காய் வறுக்கும்போது அகப்பையைப் பிறர் கையில் கொடுக்கமாட்டாள். பொன்னிறம் கடந்து கருஞ்சிவப்பாகும் அந்த நொடி அவளுக்குத்தான் தெரியும். மீன் குழம்பிற்குப் புளி கரைப்பதும், அவியலை இறக்குமுன் பச்சைத் தேங்காயெண்ணெய் ஊற்றுவதும் அவள் விரும்பிச் செய்பவை. ஆனால் அந்தத் தேங்காயைத் துருவுவது, கொதிக்கும் சோற்றுப் பானையைச் சரித்துக் கஞ்சி வடிப்பது, இடியாப்ப மாவை மணிக்கட்டு நோவப் பிழிவது ஆகியவற்றை அவள் வேறு வழியின்றிச் செய்கிறாள்.

வருத்துகிற வேலையின் பாரத்தைக் குறைப்பதும், விரும்புகிற வேலைக்கு மேலும் நல்ல கருவியைத் தருவதுமே நல்ல பரிசு. அவள் விரும்புகிற வேலையையே பறித்துக்கொள்ளும் பொருள் எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் பரணுக்கே போய்ச் சேரும்.

ஆகவே கடைக்குப் போகுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை தேடிக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் அன்றாடம் என்ன சமைக்கிறார்கள்? ஏற்கெனவே என்னென்ன இருக்கின்றன? எந்த வேலையின்போது அவர் பெருமூச்சு விடுகிறார்? இரண்டாவது கேள்வி நம் மாநிலத்தில் மிக முக்கியமானது. 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய திட்டத்தின்படி, மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி ஆகிய மூன்றும் மிகப்பல குடும்பங்களுக்கு விலையின்றி வழங்கப்பட்டன. மிக்ஸி இல்லாத வீடு இன்று அரிது. பழைய மிக்ஸி பழுதாகிவிட்டது என்று உறுதியாகத் தெரிந்தாலன்றி, இன்னொரு மிக்ஸி கொடுப்பது பரணுக்குக் கொடுக்கும் பரிசாகவே முடியும்.

தேங்காய் துருவுவோருக்கு

நாஞ்சில் நாட்டு அடுக்களையில் தேங்காய் துருவாத நாள் இல்லை. ஆகவே முதலில் எண்ணிப் பார்க்கவேண்டிய பரிசு நல்லதொரு தேங்காய்த் துருவியே. தரையில் அமர்ந்து துருவும் மணையில் பழகிய கைகளுக்கு அதைவிட வேகமானது வேறில்லை. ஆனால் ஐம்பதைக் கடந்து முழங்கால் வலியோடு இருக்கும் தாய்க்குத் தரையில் அமர்வதும் எழுவதுமே தண்டனையாகிவிடுகிறது. அவருக்கு நின்றபடியே கைப்பிடியைச் சுழற்றித் துருவும் கருவி பெரும் விடுதலை.

இதில் இரு வகைகள் உண்டு. ஒன்று, மேசை விளிம்பில் திருகாணியால் இறுக்கிப் பொருத்துவது. மற்றொன்று, அடியில் உள்ள ரப்பர் வட்டத்தால் தளத்தைக் கவ்விப் பிடிப்பது. முதல் வகையை வாங்குமுன், அந்த வீட்டுச் சமையல் மேடையின் விளிம்பு வெளியே நீண்டிருக்கிறதா, திருகாணியின் வாய்க்குள் அதன் கனம் அடங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சுவரோடு சுவராகக் கட்டி முடித்த மேடையில் அதனைப் பொருத்த இடமே இராது. இரண்டாம் வகை, வழவழப்பான கருங்கல்லிலோ ஓட்டிலோதான் ஒட்டும். சொரசொரப்பான சிமெண்டுத் தளத்தில் காற்று புகுந்து நழுவிவிடும். இடக்கைப் பழக்கமுள்ளவர் என்றால் கைப்பிடி எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதையும் கவனியுங்கள். மேசைமேல் வைக்கும் கிரைண்டர்கள் சிலவற்றில் தேங்காய் துருவும் இணைப்பும் உண்டு. அது ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நலம்.

சோறு வடிப்போருக்கு

நம் மாவட்டத்தில் பலர் விரும்பி உண்பது சிவப்புச் சம்பா அரிசிச் சோறு. அது வேக நேரம் பிடிக்கும். எரிவாயுவும் மிகுதியாகச் செலவாகும். வெந்தபின் பெரிய பானையைத் தூக்கிச் சரித்துக் கஞ்சி வடிக்கவேண்டும். ஆவி முகத்தில் அடிப்பதும், மூடி நழுவிக் கொதிகஞ்சி கையிலும் காலிலும் கொட்டுவதும் அடுக்களை விபத்துகளில் மிகவும் அஞ்சத்தக்கவை. பானையோடு இறுகப் பூட்டிக்கொள்ளும் வடிதட்டும், பானையைச் சரித்து வைத்து நிறுத்தும் உறுதியான தாங்கியும் பார்வைக்கு எளிய பொருள்களே. ஆயினும் அவை ஒரு பெண்ணின் கையைக் காப்பாற்றக்கூடியவை.

இதனினும் மேலான ஒரு பரிசும் உண்டு. அண்டையிலுள்ள கேரளத்தில், 1962-இல் தோன்றிய சாஸ்திர சாகித்திய பரிஷத் என்னும் அறிவியல் இயக்கம் "சூடாறாப் பெட்டி" என்ற ஒன்றை வீடுகளில் பரப்பியது. அதன் தத்துவம் மிக எளிது. அரிசியை அடுப்பில் ஏறத்தாழ கால்மணி நேரம் நன்கு கொதிக்கவிட்டு, மூடியோடு இறக்கி, சூடு வெளியேறாதபடி அமைக்கப்பட்ட பெட்டிக்குள் வைத்து மூடிவிடவேண்டும். கலத்துக்குள் தங்கிய வெப்பத்திலேயே மீதி வேக்காடு நடந்துவிடும். அதற்குப் பிடிக்கும் நேரம் அரிசியின் இனத்தைப் பொறுத்தது. இடையிடையே திறந்து பார்க்கலாகாது. திறந்தால் சூடு போய்விடும். இன்று இதே வகைக் கலங்கள் எஃகில் செய்யப்பட்டுக் கடைகளில் கிடைக்கின்றன. அதிகாலைத் திருப்பலிக்குச் செல்லும் தாய், புறப்படுமுன் சோற்றைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அடுப்பைப் பற்றிய கவலையின்றிச் செல்லலாம். எரிவாயுவும் மிச்சமாகும். வெந்தபின் கஞ்சி வடிக்கும் வேலை இதிலும் உண்டு என்பதால், மேற்சொன்ன வடிதட்டையும் சேர்த்தே கொடுங்கள்.

குழம்பு வைக்கும் கைக்கு

இனி, விரும்பிச் செய்யும் வேலைக்கான கலங்களைக் காண்போம். மீன் குழம்பில் பெயரெடுத்த ஒரு பெண்ணுக்கு நல்ல மண்சட்டியைவிடத் தகுந்த பரிசு இல்லை. நாகர்கோவிலிலிருந்து தக்கலை செல்லும் சாலையில் உள்ள சுங்கான்கடை மண்பாண்டத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். பொங்கல் காலத்தில் அவ்வூர்ப் பானைகளைத் தேடிப் பலரும் செல்வர். "மண்சட்டியைப் போய்ப் பரிசாகக் கொடுப்பதா?" என்று கூசவேண்டியதில்லை. புளி சேர்ந்த குழம்பு அலுமினியத்தை அரிக்கும். மண்சட்டியில் அந்தக் குறை கிடையாது. மண் மெல்லச் சூடேறி மெல்ல ஆறுவதால், அடுப்பை அணைத்தபின்னும் குழம்பு சற்று நேரம் அடங்கிக் கொதித்து, மீனில் புளியும் உப்பும் சாரும்.

சட்டியை வாங்கும்போது விரல்மடக்கால் தட்டிப் பாருங்கள். கணீரென ஒலித்தால் நன்கு சுடப்பட்டது. மந்தமாக ஒலித்தால் வெடிப்பு இருக்கலாம். எரிவாயு அடுப்பில் ஆடாமல் நிற்குமாறு அடிப்பாகம் சற்றுத் தட்டையாக இருக்கட்டும். உட்புறம் சாயமோ பளபளப்புப் பூச்சோ ஏற்றியதை வாங்காதீர்கள். சில பூச்சுகளில் காரீயம் கலந்திருக்கும். கொடுப்பதற்கு முன்பே நீங்கள் சட்டியைப் பழக்கிக் கொடுத்தால் அது இரட்டைப் பரிசாகும். ஒரு நாள் முழுவதும் நீரில் ஊறவைத்துக் காயவிட்டு, கஞ்சித் தண்ணீர் ஊற்றி மெல்லிய தீயில் கொதிக்கவைத்து ஆறவிட்டு, தேங்காயெண்ணெய் தடவி வைக்கவேண்டும். சூடான சட்டியை ஈரத்தரையில் இறக்கினால் விரிசல் விடும் என்பதால், கூடவே ஒரு பிரிமணையும் சிரட்டை அகப்பையும் சேர்த்துவிடுங்கள். சிரட்டை அகப்பை சட்டியின் அடியைச் சுரண்டாது.

தீயலுக்குத் தேங்காய் வறுப்போருக்குக் கனமான இரும்புச் சட்டி வேண்டும். மெல்லிய தகட்டில் நடுப்பகுதி கருகும்போது ஓரம் வெளுத்தே கிடக்கும். கனமான இரும்பு வெப்பத்தைத் தேக்கிவைத்து எங்கும் ஒருபோலப் பரப்புவதால் தேங்காய் சீராகச் சிவக்கும்.

வசதி உள்ளோர் வெண்கல உருளி கொடுக்க விரும்பலாம். கேரளத்தில் ஆலப்புழை மாவட்டத்து மாந்நார் என்னும் ஊர் வெண்கல வார்ப்புக்குப் புகழ்பெற்றது. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. பித்தளையோ செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. இவ்வேறுபாட்டை அறிந்து வாங்குங்கள். பித்தளையில் சமைப்பதானால் உட்புறம் வெள்ளீயம் பூசியிருக்கவேண்டும். இல்லையேல் புளிப்புப் பட்டு களிம்பேறிச் செம்பு உணவில் கலக்கும். தெருத்தெருவாக வந்து ஈயம் பூசிக்கொடுத்தவர்களை இன்று காண்பது அரிதாகிவிட்டதால், ஈயம் பூச வழி உண்டா என்று தெரிந்துகொண்டே பித்தளை கொடுப்பது முறை. உருளியிலும் புளிப்பான உணவைச் சமைத்தபின் வேறு கலத்திற்கு மாற்றிவிடவேண்டும். ரசம் வைக்க ஈயச் சொம்பு கொடுப்போர் ஓர் எச்சரிக்கையையும் சொல்லிக் கொடுங்கள். வெள்ளீயம் 232 பாகை செல்சியசிலேயே உருகிவிடும். நீர் ஊற்றாமல் வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் பரிசு அடுப்பிலேயே உருகி ஓடிவிடும். அது காரீயம் கலவாத தூய வெள்ளீயமாக இருப்பதும் இன்றியமையாதது.

அழுத்தக் கலமும் மின்கருவிகளும்

பிரஷர் குக்கர் இன்று திருமணப் பரிசுகளில் முதலிடம் பெறுகிறது. 1679-இல் டெனி பாப்பின் என்ற பிரெஞ்சு அறிஞர் கண்ட தத்துவமே இன்றும் அதனுள் வேலை செய்கிறது. திறந்த பானையில் நீர் 100 பாகைக்கு மேல் சூடேறாது. ஆவியை அடைத்து அழுத்தத்தைக் கூட்டினால் ஏறத்தாழ 120 பாகை வரை சூடேறும். பயறும் இறைச்சியும் விரைவில் வேகும். அடைபட்ட அந்த ஆவியே தரம் குறைந்த கலத்தில் ஆபத்தாகவும் மாறும். 2021 பிப்ரவரி 1 முதல், வீட்டுப் பிரஷர் குக்கர்கள் ஐ.எஸ். 2347 என்னும் தரநிலைக்கு ஏற்ப ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றே விற்கப்படவேண்டும் என்பது நடுவண் அரசின் கட்டாய விதி. முத்திரை இல்லாததை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். புதுமணத் தம்பதியர் இருவருக்கு 3 லிட்டர் அளவு போதும். நால்வர் ஐவர் உள்ள வீட்டிற்கு 5 லிட்டர் வேண்டும். அதற்குரிய ரப்பர் வளையம் ஒன்றை உபரியாக வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். ஓராண்டு கழித்து வளையம் தளரும்போது உங்களை நினைத்துக்கொள்வார்கள்.

மின்கருவி எதுவாயினும், வாங்கிய சீட்டையும் கடை முத்திரையிட்ட உத்தரவாத அட்டையையும் பரிசோடு கொடுக்கத் தயங்கவேண்டாம். விலை தெரிந்துவிடுமே என்று சீட்டைக் கிழித்தெறிந்துவிட்டால், பழுது பார்க்கும் உரிமையையும் சேர்த்துக் கிழித்ததாகும். பழுது பார்க்கும் இடம் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ உண்டா என்றும் விசாரியுங்கள். இண்டக்ஷன் அடுப்பு கொடுப்பதானால், அந்த வீட்டுப் பாத்திரங்களின் அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று அறியவேண்டும். மண்சட்டியும் அலுமினியச் சட்டியும் அதன்மேல் சூடேறமாட்டா. பொருத்தமான ஒரு பாத்திரத்தையும் சேர்த்துக் கொடுத்தாலே அது முழுமையான பரிசு.

பண்டிகைக் காலத்திற்கும் கடலோர வீட்டிற்கும்

கிறிஸ்மஸ் நெருங்கும்போது அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் செய்யாத வீடுகள் நம் பக்கத்தில் குறைவு. நல்ல கனமான முறுக்கச்சு இரண்டு கிடைத்தால், ஒன்று எண்ணெயில் வேகும்போதே மற்றொன்றை மாவில் தோய்க்கலாம். புது அச்சைக் காய்ந்த எண்ணெயில் சற்று நேரம் ஊறவிட்டுப் பழக்கினால்தான் மாவு ஒட்டாமல் கழன்று வரும். மாவில் தோய்க்கும்போது மேல்விளிம்பு மூழ்கக் கூடாது என்பதையும் புதிதாகச் செய்வோருக்குச் சொல்லிவையுங்கள். இடியாப்பம் அடிக்கடி செய்யும் வீட்டிற்கு, அழுத்திப் பிழியும் உரலுக்குப் பதிலாகத் திருகிப் பிழியும் உரலைக் கொடுங்கள். திருகின் ஆற்றல் மணிக்கட்டின் வேலையைப் பெரிதும் குறைக்கும்.

குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களுக்குப் பரிசு கொண்டுசெல்வோர் உப்புக்காற்றையும் கணக்கில் கொள்ளவேண்டும். இரும்புப் பொருள் அங்கே விரைவில் துருவேறும். கழுவியவுடன் துடைத்து எண்ணெய் தடவிவைக்கும் பழக்கம் உள்ளவருக்கே இரும்பு ஏற்றது. மற்றவருக்கு 304 என்று பொறித்த நல்ல எவர்சில்வர் தகும். நிக்கலும் குரோமியமும் உரிய அளவில் சேர்ந்த அந்த எஃகு மலிவு வகைகளைவிட உப்பைத் தாங்கும். மீன் ஆயும் வீட்டிற்குக் கூரான கத்தியும் சாணைக்கல்லும் சேர்ந்த பரிசு மிகப் பயனுள்ளது. கத்தி கொடுத்தால் உறவு அறுந்துபோகும் என்ற பேச்சுக்கு இடம் கொடாதீர்கள். மழுங்கிய கத்திதான் வழுக்கி விரலை அறுக்கும்.

கணவன்மாருக்கு ஒரு சொல்

திருமண நாளிலும் பெயர்கொண்ட விழாவிலும் மனைவிக்கு அடுக்களைப் பொருள் வாங்கிக் கொடுக்கும் கணவர்கள் உண்டு. நல்லதே. ஆயினும் வாங்குமுன் ஒரு கேள்வியைத் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்: இப்பொருளால் மனைவியின் வேலை குறையுமா, அல்லது என் தட்டில் பலகாரம் மட்டும் கூடுமா? ஞாயிறுதோறும் புது வகைத் தின்பண்டம் கிடைக்கவேண்டும் என்பதற்காக ஒரு கருவியை வாங்கித் தருகிறவர், தமக்கே பரிசு வாங்கிக்கொள்கிறார். கழுவவும் துடைக்கவும் எடுத்துவைக்கவும் இன்னொரு பொருளைச் சேர்த்துவிட்டு அதனை அன்பளிப்பு என்று சொல்வது முறையன்று. புதிய துருவியைக் கொடுக்கும் கணவர், வாரத்தில் இரு நாள் அதனைத் தாமே சுழற்றட்டும். அப்போதுதான் அது உண்மையில் மனைவிக்குக் கொடுத்த பரிசாகும். நம் ஊர்க் கலியாண வீடுகளில் பெரிய வார்ப்புகளைக் கிண்டுவோர் ஆண்களே அல்லவா? ஆகவே அகப்பை பிடிப்பது ஆண்மைக்கு இழுக்கு என்று எவரும் சொல்ல இயலாது.

என்ன கொடுப்பது என்று எவ்வளவு எண்ணியும் புலப்படவில்லையா? பரிசு பெறப் போகிறவரின் வீட்டிற்கு ஒரு நாள் முன்னதாகச் சென்று, அவருடன் அடுக்களையில் நின்று வெங்காயம் உரித்துக் கொடுங்கள். எந்தப் பிடி ஆடுகிறது, எந்த மூடி பொருந்தவில்லை, எதைத் தூக்கும்போது அவர் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார் என்பதெல்லாம் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். கடைக்காரர் காட்டும் நூறு பொருள்களுள் எது வேண்டும் என்பது பிறகு தானே விளங்கும். விலை சிறிதாயிருப்பதைப் பற்றி வெட்கப்படவும் நேராது. மேடையில் பரிசைப் பெறும்போது மணமகள் அதன் விலையை நினைத்துப் பார்க்கலாம். ஆறு மாதம் கழித்து அடுப்படியில் நிற்கும்போது, தன் கைவலியைக் குறைத்தவர் யார் என்பதைத்தான் நினைத்துப் பார்ப்பாள்.